எலியேசரின் மூச்சு

வரவேண்டிய பிழை வரவில்லை. அதுதான் அமலராணியை முதலில் உறுத்தியது.

மத்தியானத்திலேயே இருட்டிக்கொண்டு வந்த கார்த்திகை மாத மழைநாள் அது. மேற்குத் தாம்பரத்தில் ரயில் பாதையை ஒட்டிய மாடிவீடு ஒன்றின் பின்னறையில், ஈரச் சுவரின் வாடையும் ரப்பர் பெல்ட்டுகளுக்குப் பூசும் பவுடரின் வாசனையும் கலந்து நெஞ்சில் படிய, மின்சார ரயில் கடக்கும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி கடகடவென்று நடுங்கி அடங்க, அவள் திரையில் ஏறும் வரிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வரிகள் நின்றன. புரோகிராம் தயார் என்றது திரை.

தயாராகியிருக்கக் கூடாது.

அந்தச் சின்னக் கம்பெனி செய்துகொண்டிருந்தது நோயாளிகளின் மூச்சைக் கவனிக்கும் கருவி. மார்பைச் சுற்றிக் கட்ட ஒரு ரப்பர் பெல்ட், அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயர், திரையில் மூச்சோடு ஏறி இறங்கும் பச்சை அலை. மூச்சு நின்றுபோனால் அலாரம் அடிக்கும். இதற்கான புரோகிராமை எலியேசர் என்பவன் எழுதியிருந்தான். அவன் இறந்துபோன பிறகுதான் அமலராணி வேலைக்குச் சேர்ந்தாள். அவன் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். அவன் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரில், கட்டளைகளை வரிசையாக அடுக்கி அவன் எழுதிவைத்த நீண்ட பேட்ச் ஃபைல் ஒன்றை ஓட்டினால் புரோகிராம் உருவாகி வரும். அதற்குள் எது எதை நம்பி நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கம்ப்யூட்டர் இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடந்ததால், எல்லாவற்றையும் புது இயந்திரத்துக்கும், எழுதிய வரிகளைக் கோத்துப் புரோகிராமாக்கும் புதுக் கம்பைலருக்கும் மாற்றி, எந்தப் பகுதிக்கு எந்த லைப்ரரி தேவை என்று ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதும் வேலை அவளிடம் வந்திருந்தது.

லைப்ரரி என்றால் எப்போதோ எழுதி, வாயைத் தைத்துவிட்ட மூட்டை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வேலை செய்யும். உள்ளே எப்படிச் செய்கிறது என்று பார்க்க முடியாது. அங்கே மூன்று இருந்தன. அலையை வரைவதற்கு ஒன்று, பெல்ட்டின் ஒயரைப் படிப்பதற்கு ஒன்று, இரண்டும் வெளியே வாங்கியவை. மூன்றாவது எலியேசருடையது. மூச்சு எது, மூச்சு நின்றது எது என்று தீர்மானிப்பது அதுதான். அதன் மூலப்பிரதி எங்கும் இல்லை. அதனால் அதை அப்படியே எடுத்துவிட்டு, என்னென்ன காணோம் என்று கம்ப்யூட்டர் கத்தட்டும், கத்துவதையெல்லாம் நாமே எழுதிவிடலாம் என்றுதான் அவள் காத்திருந்தாள்.

அது கத்தவில்லை. எதுவும் குறையவில்லை என்பதுபோல மௌனமாக இருந்தது.

முதலாளி பக்தவச்சலம் ஈரக் குடையை வாசற்படியில் தட்டிவிட்டு உள்ளே வந்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்ச மாதிரி காட்டுது சார். ஆனா முடிஞ்சிருக்கக் கூடாது. எலியேசர் லைப்ரரிய எடுத்துட்டேன். அது இல்லாம இது எப்படி..."

"ஏம்மா, ஓடுதா ஓடலையா?"

"ஓடும் சார். அதான்..."

"ஓடுச்சுன்னா விடு. குரோம்பேட்டை நர்சிங் ஹோம்ல ஆறு பெட்டுக்கு ஒத்துக்கிட்டு வந்திருக்கேன். உக்காந்து காரணம் கண்டுபிடிக்கறதுக்கு உன்னை வெக்கல."

அவர் போன பிறகு அவள் தேடினாள். இப்படி நடப்பதற்கு வழக்கமான காரணம் உண்டு. வேறெங்காவது ஒரு பழைய பிரதி கிடக்கும், கம்பைலர் அதைப் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்துவிடும். அப்படியே ஒரு பிரதி கிடைத்தது. அழித்தாள். இன்னொரு மூலையில் இன்னொன்று. அதையும் அழித்தாள். டிஸ்க் முழுக்கத் தேடி, இனி எங்கும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு மறுபடியும் ஓட்டினாள்.

புரோகிராம் தயார். அதன் அளவுகூட இம்மியும் மாறவில்லை.

அப்போதுதான் டிஸ்க்கின் ஓசையைக் கவனித்தாள். டிஸ்க் படிக்கும்போது கரகரக்கும். அந்தச் சத்தத்துக்கு யாரும் காது கொடுப்பதில்லை. ஆனால் இது கரகரப்பாக இல்லை. இரண்டு குட்டையான இழுப்பு. நடுவில் தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டதுபோல ஒரு தடங்கல். பிறகு மெல்லிய விசிலோடு நீண்டு இறங்கும் ஒரு வெளிமூச்சு. மறுபடியும் இரண்டு இழுப்பு.

அவள் புரோகிராமை ஓட்டினாள். பெல்ட்டுகள் எல்லாம் சுவரில் அடித்த ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. யாரும் கட்டிக்கொள்ளாத பெல்ட்டுக்குத் திரையில் நேர்கோடுதான் வரவேண்டும். நேர்கோடு வந்தது. கொஞ்சநேரம் அப்படியே போனது. பிறகு யாரோ தூக்கம் கலைந்து புரண்டதுபோல மெல்ல மேலெழுந்தது. இரண்டு சிறிய முகடுகள், ஒரு தடங்கல், ஒரு நீண்ட சரிவு.

அவள் திரும்பி ஆணியைப் பார்க்கவில்லை. பார்க்காமலேயே கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

மறுநாள் காலை டீக்கடைத் தகரக் கூரையின் கீழே சுந்தர்சிங்கைப் பிடித்தாள். பெல்ட், ஒயர், கார்டு எல்லாம் அவன் வேலை. கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறவன்.

"எலியேசருக்கு வீசிங் இருந்துச்சா?"

டீ கிளாஸ் அவன் வாயருகே நின்றது. "யாரு சொன்னது மேடம்?"

"யாரும் சொல்லல. ஸ்க்ரீன்ல பார்த்தேன்."

மழை தகரத்தில் சடசடத்தது. அவன் கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்தபடி பேசினான்.

"டெஸ்ட் எல்லாம் அவன் நெஞ்சுலதான் மேடம். பேஷன்ட்டுக்கு எங்க போறது? பெல்ட்டக் கட்டிகினு நாள் பூரா வேலை செய்வான். மழைன்னா இழுக்க ஆரம்பிச்சுடும், யூகலிப்டஸ் தைலத்த நெஞ்சுல தேச்சிகினு உக்காருவான். சாருக்கு அது ரொம்பப் புடிக்கும். நல்ல சிக்னலுய்யா, வுடாத, பதிவு பண்ணுன்னுவாரு. நான் அன்னிக்கு பொழிச்சலூர்ல ஒரு ரிப்பேருக்குப் போயிருந்தேன். வந்து பார்த்தா டேபிள் மேல சாஞ்சு கெடக்கான். அலாரம் அடிக்கல. சத்தம் தலைய வலிக்குதுன்னு சார் அலாரம் ஒயரப் புடுங்கி வெச்சிருந்தாரு. பக்கத்து ரூம்லதான் உக்காந்து சாப்டுகினு இருந்தாரு."

"பதிவு?"

"ஓடிகினே இருந்துச்சு." அவன் கைகளைத் துடைத்துக்கொண்டான். "அத அவரு அழிக்கல மேடம். மூச்சு நிக்கறதுக்கு இத வுட நல்ல மாதிரி நமக்கு யாரு குடுப்பான்னாரு. வெளிய இருந்து ஒருத்தன இட்டாந்து அந்தப் பதிவ எலியேசர் லைப்ரரிக்குள்ளயே சேத்துட்டாரு. மெஷினு இன்னிக்கும் எல்லார் மூச்சையும் அவன் மூச்சோட வெச்சுத்தான் சரியா தப்பான்னு பாக்குது."

அமலராணிக்கு வாயில் டீ கசந்தது.

"பெல்ட்ட நான்தான் அவுத்தேன்," என்றான் சுந்தர்சிங். "ஒடம்பு ஜில்லுனு கீது. பெல்ட்டு மட்டும் சூடா இருந்துச்சு. இறுக்கிப் புடிச்சிகினு வரவே மாட்டேன்னுது. கடைசில பிளேடு போட்டு அறுத்தேன்."

அன்று பழைய கம்ப்யூட்டரில் அந்தப் பதிவை அவள் கடைசிவரை ஓட்டிப் பார்த்தாள். பார்க்காமல் அதைப் புரோகிராமிலிருந்து வெளியே எடுக்க முடியாது என்று தோன்றியது. திரையில் அலை முதலில் சாதாரணமாக ஓடியது. பிறகு இழுப்பு வந்தது. பிறகு முகடுகள் சிறுத்து, நெருங்கி, அவசரப்பட்டன. ஒருவன் கதவைத் தட்டுவதைப்போல. பிறகு எல்லாவற்றையும்விட உயரமாக ஒரே ஒரு மூச்சு உள்ளே போனது. அலை மேலே ஏறி, அங்கேயே நின்று, இறங்காமல், உச்சியிலேயே ஒரு நேர்கோடாக நீண்டுகொண்டே போனது. உள்ளே இழுத்த மூச்சை அவன் வெளியே விடவே இல்லை.

அந்தக் கோடு திரையைக் கடந்து போய்க்கொண்டிருக்கும்போது, பக்கத்து அறையில் பக்தவச்சலம் டிபன் பாக்ஸைத் திறக்கும் சத்தம் கேட்டது.

இதை ஆறு நோயாளிகளின் மார்பில் கட்டக் கூடாது என்று அவள் முடிவு செய்தாள். புதுக் கம்ப்யூட்டரின் டிஸ்க்கை முழுதாகத் துடைத்தாள். கம்பைலரைப் புதிதாக ஏற்றினாள். எலியேசரின் கை படாத பகுதிகளை மட்டும் கொண்டுவந்து, அவன் லைப்ரரி செய்த வேலையைத் தானே எழுத ஆரம்பித்தாள். இந்தப் பகுதி இதைச் சார்ந்தது, இது வேறெதையும் சாராது என்று ஒவ்வொரு உறவையும் தன் கையால் வரைந்தாள். மூச்சு நின்றதா என்று பார்க்க அவளுக்கு ஒரு சாவு தேவைப்படவில்லை. சாதாரணக் கணக்கு போதுமாயிருந்தது. அந்த நாட்களில் வண்டலூரில் அவள் வீட்டுக்கு விடியற்காலையில் உயிரியல் பூங்காவிலிருந்து சிங்கங்களின் குரல் வரும்போது, அடிவயிற்றிலிருந்து கிளம்பி நீண்டு அடங்கும் அந்தக் குரலுக்கு நடுவே ஒரு தடங்கல் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தாள். இல்லை என்று தெரிந்த பிறகே எழுந்தாள்.

வேலை முடிந்த சாயங்காலம், முதல்முறையாக அந்த அறையில் டிஸ்க் வெறும் கரகரப்பாகக் கேட்டது. புரோகிராம் தயார். அளவு மாறியிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தாள்.

ஆணியிலிருந்து ஒரு பெல்ட்டை எடுத்துப் புடவைக்கு மேலேயே மார்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். ரப்பர் ஜில்லென்றிருந்தது. திரையில் அவளுடைய மூச்சு ஓடியது, அகலமாக, சோம்பலாக, வயல் வரப்புகளைப்போல. மூச்சை நிறுத்தினால் அலாரம் அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆழமாக இழுத்து, வாயை மூடி, அடக்கிக்கொண்டாள்.

அலை நிற்கவில்லை.

ஏதோ ஒயர்க் கோளாறு என்று நினைத்தாள். அலை ஏறியது, இறங்கியது. இரண்டு சிறிய முகடுகள். தடங்கல். நீண்ட சரிவு. அவள் குனிந்து தன் மார்பைப் பார்த்தாள். பெல்ட் விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் அவள் மார்பும். அவள் மூச்சை அடக்கிக்கொண்டுதான் இருந்தாள், வாய் மூடித்தான் இருந்தது, ஆனால் விலா எலும்புகளை உள்ளிருந்து யாரோ பிடித்து விரிப்பதுபோல மார்பு தானாக எழும்பியது.

அலை முதலில் எழுந்தது. மார்பு அதன் பின்னால் எழுந்தது.

தொண்டையிலிருந்து விசில் வந்தது. பிறந்ததிலிருந்து அவளுக்கு இழுப்பே வந்ததில்லை. ரப்பர் சூடேறியது. யூகலிப்டஸ் தைல நெடி. யாரோ முகத்துக்கு எதிரே வாயைத் திறந்ததுபோல. அதில் இரக்கமில்லை, அழுகையில்லை. காத்திருந்து காத்திருந்து கசந்துபோன ஒரு வாய்.

முகடுகள் நெருங்கத் தொடங்கின.

கொக்கியைத் தேடினாள். விரல் வழுக்கியது. ஒயரைப் பிடுங்கினாள். அலை ஓடியது. பெல்ட் இறுகியது. மேஜை மேல் கத்தரிக்கோல். எட்டினாள். எட்டவில்லை. நாற்காலியோடு சாய்ந்தாள். எட்டியது.

பெல்ட் அறுந்து தரையில் விழுந்தது. விழுந்த இடத்தில், யாரும் இல்லாமல், ஒருமுறை விரிந்து சுருங்கியது.

அவள் எழுதிய புரோகிராம். அவன் எழுதிய ஒரு வரிகூட அதில் இல்லை. எங்கே இருந்து அவன் வருகிறான் என்று அவளுக்குத் தெரியவில்லை. எதை எடுத்தால் அவன் போவான் என்றும் தெரியவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே டிஸ்க்கை அழிக்கும் கட்டளையை அடித்தாள்.

காலையில் பக்தவச்சலம் அவளுக்கு முன்பே வந்திருந்தார். சட்டைப் பையில் ஃப்ளாப்பிகள்.

"அழிச்சிருக்கே. என்கிட்ட கேக்காம."

"சார், அத யார் நெஞ்சுலயும் கட்டக் கூடாது. நேத்து எனக்கே..."

"நேத்து நீ டீ குடிக்க எழுந்து போனப்பவே காப்பி எடுத்துட்டேன். ஆறு மெஷின்லயும் ஏத்தியாச்சு." அவர் குரலை உயர்த்தவில்லை. "அந்தப் பையனும் இப்படித்தான், மூச்சு விட முடியல, அவுத்துடறேன்னு நச்சரிச்சுகிட்டே இருந்தான். இருடா, இன்னும் கொஞ்சம் பதிவாகட்டும்னேன். உங்களுக்கெல்லாம் வேலைன்னா ஒரு சாக்கு."

அமலராணி அவரையே பார்த்தாள். தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்ததாகவே தெரியவில்லை.

அவர் கூப்பிடவில்லை. அவளாகவே ஆட்டோ பிடித்து ஜி.எஸ்.டி. ரோட்டில் அவருடைய காரின் பின்னாலேயே போனாள். மழை விட்டு வெயில் சுளீரென்று அடித்தது. நர்சிங் ஹோமின் மாடி வார்டில் ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. பினாயில் வாசனை, யாருக்கோ உரித்த சாத்துக்குடி வாசனை, கீழே பஸ் ஹார்ன். ஆறு கட்டில், ஆறு திரை. நர்ஸ் பேபி கடைசிப் பெல்ட்டின் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தாள். டாக்டர் திரிபுரசுந்தரி கைகளைக் கட்டிக்கொண்டு பக்தவச்சலம் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் கட்டிலில் திருநீர்மலையைச் சேர்ந்த கன்னியம்மா என்ற கிழவி. அமலராணியைப் பார்த்ததும் கையை நீட்டினாள்.

"இன்னாம்மா இது, இந்த இறுக்கு இறுக்குது. கொஞ்சம் லூஸ் பண்ணேன்."

"அவுத்துடறேம்மா," என்று அவள் கொக்கியில் கை வைத்தாள்.

"தொடாதே." பக்தவச்சலம் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து நகர்த்தினார். டாக்டரைப் பார்த்துப் புன்னகைத்தார். "புது ஸ்டாஃப் டாக்டர். பயந்த சுபாவம்."

"டாக்டர், தயவுசெஞ்சு எல்லாத்தையும் கழட்டச் சொல்லுங்க. இது தப்பான மெஷின். இது ஆளக் கொன்னுடும்."

"உட்காரும்மா," என்றார் டாக்டர். அவர் முகத்தில் எரிச்சல். "பேஷன்ட்ஸ் முன்னாடி இப்படிப் பேசக் கூடாது."

திரைகளில் ஆறு அலைகள் ஓடின. ஒன்று வேகமாக, ஒன்று தயங்கி, ஒன்று குறட்டையோடு. ஆறு மனிதர்கள், ஆறு விதம். ஒருவேளை ஒன்றும் ஆகாதோ என்று அவள் நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் ஜன்னலோரக் கட்டிலின் அலை ஒருமுறை தடங்கியது.

இரண்டு முகடுகள். தடங்கல். சரிவு.

அடுத்த கட்டில். அதற்கடுத்தது. பக்கத்துப் பாட்டோடு தாளம் சேர்வதுபோல ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஆறு வாய்களிலிருந்தும் ஒரே விசில் கிளம்பியது. கன்னியம்மாவின் கண்கள் அகன்றன. அவள் கை அமலராணியின் விரல்களை நெரித்தது.

"கழட்டுங்க," என்றாள் அமலராணி. கத்தத்தான் நினைத்தாள். பாதி வார்த்தையில் ஒரு தடங்கல் வந்தது.

டாக்டர் முன்னே ஓர் அடி வைத்து நின்றார். அவர் தோள்கள் இரண்டுமுறை எழும்பின. நர்ஸ் பேபி சுவரைப் பிடித்துக்கொண்டாள். பெல்ட் கட்டாதவர்கள். மார்பில் எதையுமே கட்டாதவர்கள்.

பக்தவச்சலம் பேசிக்கொண்டே இருந்தார். "இதுல என்ன வசதின்னா... டாக்டர்... மூச்சு கொஞ்சம்... கொஞ்சம் மாறினாலும்..." அவருடைய வார்த்தைகள் இரண்டிரண்டாக வந்தன. நடுவில் சிக்கின. விசிலோடு முடிந்தன. அவர் தன் மார்பைத் தடவினார். கைகள் எதையோ தேடின, அவிழ்க்க. அங்கே அவிழ்க்க எதுவும் இல்லை.

யூகலிப்டஸ்.

முகடுகள் சிறுத்தன. நெருங்கின. அவசரப்பட்டன.

வார்டு முழுக்க ஒரே மூச்சு. கதவைத் தட்டுவதுபோல. தட்டித் தட்டி. பக்கத்து அறையில் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்க, யாரோ தட்டுவதுபோல.

அலாரம் அடிக்கவில்லை. ஆறு திரையிலும் அலைக்குக் கீழே பச்சை எழுத்தில் நார்மல் என்று இருந்தது.

பிறகு எல்லோருமாக உள்ளே இழுத்தார்கள். எல்லா மூச்சையும்விட உயரமாக. கன்னியம்மாவின் மார்பு எழுந்தது. டாக்டரின் மார்பு. பக்தவச்சலத்தின் மார்பு. அவளுடையதும். ஆறு அலைகளும் உச்சிக்கு ஏறின.

அங்கே நின்றன.

வெயில் கட்டில்களின் மேல் விழுந்திருந்தது. மின்விசிறி சுற்றியது. எழுந்த மார்புகளோடு, திறந்த வாய்களோடு, எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறு பச்சைக் கோடுகள் திரையின் உச்சியில், நேராக, நீண்டுகொண்டே போயின.